கொழும்பில் பழைய பேனாக்கத்தி சேர்ப்பது எப்படி: தேடுவதிலிருந்து கறள் பிடிக்காமல் வைத்திருப்பது வரை

பழைய மடக்குக் கத்திகளைப் பற்றிப் படிக்கப் போனால் கிடைப்பதில் பெரும்பகுதி அமெரிக்கர்கள் தங்களுக்காக எழுதிக்கொண்டது. கேஸ் என்ற அமெரிக்கக் கத்திக் கம்பனி 1970இல் அலகின் அடியில் பத்துப் புள்ளி வைத்து, ஆண்டுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வந்தது. அந்தப் புள்ளிகளை எண்ணி ஆண்டு சொல்வது எப்படி, ரெமிங்டனில் எந்த வடிவம் அரிது என்றெல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். நல்ல தகவல்தான். ஆனால் அதை மட்டும் நம்பிப் புறக்கோட்டைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். அந்தக் கத்திகள் நம்முடைய துறைமுகத்துக்கு வந்ததே அபூர்வம்.

கொழும்பில் இருந்து சேர்க்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தத் தீவுக்கு எந்தக் கத்தி வந்தது, யார் சட்டைப்பையில் இருந்தது, எதற்குப் பயன்பட்டது? இது தெரிந்தால், மற்றவர்கள் ஒதுக்கித் தள்ளும் ஒரு வளைந்த அலகுக் கத்தி ஏன் வாங்கத் தக்கது என்று உங்களுக்குப் புரிந்துவிடும்.

இங்கே வந்தவை

பிரிட்டிஷ் காலத்தில் வந்த நல்ல கத்திகளில் பெரும்பாலானவை இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்தவை. ஜோசப் ரோட்ஜர்ஸ் அண்ட் சன்ஸ் அதில் முதல் பெயர். ஒரு நட்சத்திரமும் பக்கத்தில் ஒரு மால்டாச் சிலுவையும் அவர்களுடைய முத்திரை. 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்கண்காட்சிக்கு 75 அலகுகள் கொண்ட நோர்ஃபோக் கத்தியைச் செய்து காட்டியவர்கள் இவர்கள்தான். அடுத்து ஐ எக்ஸ் எல் முத்திரை போட்ட ஜோர்ஜ் வொஸ்டன்ஹோம், கண் படம் போட்ட டெய்லர்ஸ் ஐ விட்னஸ், வயலின் படம் போட்ட இபர்சன், 'என்கோர்' என்று பொறித்த தோமஸ் டர்னர். ஜெர்மனியின் சோலிங்கனில் இருந்து இரட்டையர் படத்தோடு ஹென்கல்ஸ், மரத்தின் படத்தோடு போக்கர். இந்தப் படங்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். எழுத்து அழிந்த பிறகும் படத்தின் அரைகுறை வடிவம் நிற்கும்.

இவை நான்கு வழியாக வந்தன என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, தோட்டம். தேயிலைக் கவ்வாத்துக்குப் பயன்படும் பெரிய கத்தி மடங்காது, அது நம் கணக்கில் இல்லை. ஆனால் துரைமார் பையில் வைத்திருந்த சிறிய கவ்வாத்துக் கத்தி, கிளிமூக்கு மாதிரி வளைந்த அலகோடு, மடங்கும். றப்பர் கன்றுகளுக்கு ஒட்டுக் கட்டப் பயன்பட்ட மொட்டு ஒட்டுக் கத்தியும் அப்படியே. அதன் பிடியின் மறுமுனையில் பட்டையை நெம்பித் திறக்க எலும்பிலோ பித்தளையிலோ ஒரு மெல்லிய நாக்கு இருக்கும். ஷெஃபீல்டின் சேய்னர், குக் அண்ட் ரைடல் இந்த வகைக்குப் பேர்போனவர்கள். அப்புறம் வேட்டைக்குப் போன துரைமாரின் கத்தி: பெரிய அலகு, தக்கை திருகி, துப்பாக்கித் தோட்டாவின் ஓட்டைப் பிடுங்கும் கொக்கி, பிடியின் பக்கத்தில் செருகிய சாமணமும் பல்குத்தியும்.

இரண்டாவது, அரசாங்கக் கச்சேரியும் கம்பனி அலுவலகமும். எழுதுவினைஞரும் கணக்கப்பிள்ளையும் பென்சில் சீவ வைத்திருந்த சின்னஞ்சிறு பேனாக்கத்தி. அதிகம் கிடைப்பது இதுதான், அதிகம் தேய்ந்து கிடைப்பதும் இதுதான்.

மூன்றாவது, இரண்டாம் உலக யுத்தம். 1942 ஏப்ரல் 5ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 1944இல் தென்கிழக்காசியக் கூட்டுப் படைத் தலைமையகம் கண்டிக்கு வந்தது. கடற்படைக்குத் திருகோணமலை இருந்தது. இத்தனை பேர் வந்து போன இடத்தில் அவர்களுடைய கத்தியும் மிஞ்சும்தானே. கறுப்புப் பிடியில் குறுக்குக் கோடு வெட்டி, ஆட்டுக்குளம்பு அலகு, டின் வெட்டி, கயிற்று முடிச்சு அவிழ்க்கும் தடித்த ஊசி, தொங்கவிட ஒரு வளையம் என்று இருக்கும். அலகிலோ பிடியிலோ மூன்று கோடுகள் ஒரு முனையில் கூடும் அம்புக்குறி இருந்தால் அது பிரிட்டிஷ் அரசாங்கச் சொத்து. பல கத்திகளில் ஆண்டும் இருக்கும்.

நான்காவது, கப்பல்காரர்கள். பிரெஞ்சு ஒப்பினல், தகரத்தை மடித்த மாதிரிப் பிடியுள்ள டூக்-டூக், ஜப்பானின் ஹிகோனோகாமி போன்ற ஒற்றைக் கத்திகள் துறைமுகத்தைச் சுற்றி வந்து சேர்ந்தவை. ஒன்றிரண்டுதான் அகப்படும்.

வரவு எப்போது நின்றது என்பதையும் நினைவில் வையுங்கள். 1960களில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகியது. 1970 முதல் 1977 வரை வெளிநாட்டுச் சாமான் கண்ணில் காண்பதே அரிதாக இருந்தது. அதே காலத்தில், 1975இல் கம்பனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது பங்களாச் சாமான்கள் பல கைமாறின. அதற்கு முன்பே பறங்கியர் குடும்பங்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது வீட்டோடு விற்றுவிட்டுப் போனார்கள். இன்று கொழும்பில் கிடைக்கும் நல்ல கத்தி பெரும்பாலும் இப்படி ஒரு வீடு கலைந்தபோது வெளியே வந்தது.

கையில் இருக்க வேண்டியவை

அதிகம் வேண்டாம். பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடைப் பூதக்கண்ணாடி ஒன்று. செட்டியார் தெருவில் பொற்கொல்லர்களுக்குச் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள். சிறிய டோர்ச், ஒரு பருத்தித் துணி, ஒரு மெல்லிய மரக்குச்சி, போனில் கமெரா. காந்தம் கொண்டுபோனால் பிடியின் முனையில் உள்ள உலோகப் பூண் பித்தளையா இரும்பா என்று உடனே தெரியும். அவ்வளவுதான்.

எங்கே தேடுவது

புறக்கோட்டையில் பழைய சோனகத் தெருப் பக்கம் தலைமுறையாக நடக்கும் இரும்புச் சாமான் கடைகளில் முன்னால் இருப்பதைப் பார்த்து நேரத்தை வீணாக்க வேண்டாம். பின்பக்கத்து ராக்கையைப் பற்றிக் கேளுங்கள். விற்காமல் தங்கிய பழைய சரக்கு, எண்ணெய்க் கடதாசி சுற்றியபடியே, எப்போதாவது வெளியே வரும். ஒரு டசின் கத்திகள் அட்டையில் கட்டியபடி கிடைத்தால் அட்டையைப் பிரிக்காமல் வாங்குங்கள். அட்டைக்கும் பெறுமதி உண்டு.

பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகம் தேடிப் போகிறவர்கள் பழைய மெக்கானிக்குகளின் ஆயுதப்பெட்டிகளைப் பார்த்திருப்பார்கள். அதன் அடித்தட்டில் கிரீஸுக்குள் புதைந்த கத்திகள் உண்டு. யுத்தகாலக் கத்திக்கு அது நல்ல இடம். கிரீஸ் அலகைக் காப்பாற்றியிருக்கும்.

தெஹிவளை, கல்கிசைப் பக்கம் காலி வீதியில் பழைய தளபாடம் விற்கும் கடைகளில் கத்தியைக் கேட்டால் பெரும்பாலும் இல்லை என்பார்கள். எழுதுமேசை வாங்கி வைத்திருக்கிறார்களா என்று கேட்டு, அதன் இழுப்பறையில் என்ன இருந்தது என்று விசாரியுங்கள். இழுப்பறைச் சாமானைத் தனியாக ஒரு டின்னில் கொட்டி வைப்பது கடைக்காரர் வழக்கம்: பழைய திறப்பு, பேனா நிப்பு, பொத்தான், மணிக்கூட்டுச் சாவி, அதற்குள் கத்தி.

ஞாயிறு பத்திரிகைகளில் வீட்டுச் சாமான் ஏலம் பற்றிய விளம்பரங்கள் வரும். ஏலத்துக்கு முதல்நாள் பார்வைக்கு வைப்பார்கள், போய்ப் பாருங்கள். பட்டியலில் கத்தி என்று இருக்காது. 'பலவகைச் சாமான்' என்ற பெட்டிதான் உங்களுடையது.

வீட்டுக்கு வரும் பழைய போத்தல், பேப்பர்காரரிடமும் சொல்லி வையுங்கள். நிறுவைக்கு இரும்பாகப் போகும் கத்திக்கு அதைவிடக் கூடத் தருகிறேன் என்றால் அவர் மறக்கமாட்டார். சிங்களக் கடைகளில் "பரண பிஹி தியெனவாத முதலாளி?" என்று கேட்டால் போதும். ஆனால் அப்படிக் கேட்டால் கண்டியக் காலத்துப் பிஹகெத்தைகளையும் எடுத்துக் காட்டுவார்கள். வெள்ளி வேலைப்பாடுள்ள அந்தக் கத்தி மடங்காது. அது தனி உலகம், போலியும் அதிகம். அசல் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் 1877இல் திறந்த கொழும்பு தேசிய நூதனசாலைக்குப் போய் நிதானமாகப் பாருங்கள்.

இக்மன் விளம்பரத் தளம், பேஸ்புக் மார்க்கெட்ப்ளேஸ் இரண்டிலும் 'அண்டீக்' என்று எழுதியதைவிட, பெயரே தெரியாமல் 'பழைய கத்தி' என்று மங்கலான படம் போட்டதைத் தேடுங்கள். அலகைத் திறந்து, அடிப்பகுதியைக் கிட்டத்தில் எடுத்த படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். அனுப்ப மறுக்கிறவரிடம் வாங்க வேண்டாம்.

கத்தியைக் கையில் எடுத்ததும்

ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள். அழகான பிடியில் கண் போனால் மற்றதெல்லாம் மறந்துவிடும். நான் பிடியைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

முதலில் முத்திரை. அலகைத் திறந்தால், அது பிடிக்குள் நுழையும் இடத்தில் கூர் இல்லாத தட்டையான சதுரம் இருக்கும். டாங் என்பார்கள். பெயர், ஊர், முத்திரை எல்லாம் அங்கேதான். இரண்டு பக்கமும் பாருங்கள், எல்லா அலகிலும் பாருங்கள். கறள் மூடியிருந்தால் கடையில் சுரண்ட வேண்டாம். டோர்ச்சைச் சரித்துப் பிடித்தால் எழுத்தின் பள்ளத்தில் நிழல் விழுந்து வாசிக்க முடியும்.

அந்த எழுத்தில் இருந்து காலம் சொல்லலாம். அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டு மக்கின்லி வரிச் சட்டத்தால், அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று வந்தது. ஆகவே 'ஷெஃபீல்ட்' மட்டும் இல்லாமல் 'இங்கிலண்ட்' என்றும் இருந்தால் பெரும்பாலும் 1891க்குப் பிந்தியது. 'இங்கிலண்ட்' இல்லை என்பதை மட்டும் வைத்து முந்தியது என்று முடிவு கட்டாதீர்கள். இலங்கைக்கு வந்த சரக்குக்கு அந்தச் சட்டம் கட்டாயம் இல்லை. துருப்பிடிக்காத எஃகை ஹரி பிரியர்லி ஷெஃபீல்டில் கண்டது 1913இல். 'ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்த கத்தியை விக்டோரியா மகாராணி காலத்தது என்று யாராவது விற்றால் சிரித்துவிட்டு வந்துவிடலாம். 'வெஸ்ட் ஜெர்மனி' என்றால் 1949க்கும் 1990க்கும் இடையில். 'ஒக்கியுபைட் ஜப்பான்' என்றால் 1945க்கும் 1952க்கும் இடையில்.

ரோட்ஜர்ஸ் கத்திகளில் கிரீடமும் அதன் இரு பக்கமும் அரசரின் எழுத்தும் இருக்கும். வி ஆர் என்றால் விக்டோரியா, 1837 முதல் 1901 வரை. ஈ ஆர் பெரும்பாலும் ஏழாம் எட்வர்ட், 1901 முதல் 1910 வரை. ஜி ஆர்தான் ஆளைக் குழப்புவது. நான்காம் ஜோர்ஜும் ஜி ஆர், ஐந்தாம் ஜோர்ஜும் ஜி ஆர், ஆறாம் ஜோர்ஜும் ஜி ஆர். கடைக்காரர் முதலாவதைச் சொல்வார். 'இங்கிலண்ட்' பக்கத்தில் இருக்கிறதா, அலகு எந்திர மெருகா, கையால் தீட்டியதா என்று பார்த்தால் பத்தில் ஒன்பது 1910க்குப் பிறகு வந்தது என்று தெரியும்.

சுவிஸ் கத்திகளில் இன்னும் எளிது. கார்ல் எல்ஸ்னர் 1884இல் தொடங்கிய பட்டறை 1909இல் அம்மாவின் பெயரான விக்டோரியாவை முத்திரையாக எடுத்தது. 1921இல் துருப்பிடிக்காத எஃகு வந்ததும் அது விக்டோரினொக்ஸ் ஆனது. வெறும் 'விக்டோரியா' என்று பொறித்த சுவிஸ் கத்தி கொழும்பில் கிடைத்தால் அன்றைக்கு வேறு ஒன்றும் தேடாமல் வீட்டுக்குப் போகலாம். ஒப்பினலில் அலகைப் பூட்டும் சுழல் வளையம் 1955இல்தான் வந்தது. வளையம் இல்லாத பெரிய ஒப்பினல் அதற்கு முந்தியதாக இருக்கலாம், அல்லது வளையம் கழன்று போனதாகவும் இருக்கலாம். வளையம் உட்கார்ந்த தடம் உலோகப் பூணில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டாவது, அலகில் எவ்வளவு மிச்சம். இதைப் புதியவர்கள் கவனிப்பதே இல்லை. சாணைக்கல் டாங் வரை போகாது. ஆகவே டாங்கின் அகலம் கத்தி செய்த நாளில் இருந்தபடியே இருக்கும். அதற்கு அடுத்து அலகு திடீரென்று உள்ளே ஒடுங்கி ஒரு படி மாதிரித் தெரிந்தால், அந்தப் படியின் உயரம்தான் இத்தனை காலம் தீட்டித் தீட்டிப் போன இரும்பு. நகத்தால் திறக்கும் குழியையும் பாருங்கள். அது முதுகுக்குக் கிட்ட இருக்க வேண்டியது. கூருக்குக் கிட்ட வந்துவிட்டால் அலகு பாதியாகிவிட்டது. முனை உடைந்து திரும்பத் தீட்டியிருந்தால் மூடும்போது பிடிக்குள் முனைக்கு அப்பால் வெறுமையான இடம் நீளமாகத் தெரியும்.

மூன்றாவது, வில், அதாவது பிடியின் முதுகில் இருந்து அலகை இறுக்கிப் பிடிக்கும் எஃகுத் துண்டு. அலகை மெதுவாகத் திறந்து மூடுங்கள். நல்ல கத்தி கடைசி இழுப்பில் தானாகவே உட்காரும், 'டக்' என்று சத்தம் கேட்கும். திறந்த நிலையில் அலகை இருபக்கமும் ஆட்டிப் பாருங்கள். மெல்லிய ஆட்டம் வயதுக்கு உரியது. கலகலத்தால் அச்சாணி தேய்ந்துவிட்டது, அல்லது யாரோ மாற்றியிருக்கிறார்கள். பிடியின் முதுகில் வில்லும் பக்கத் தகடுகளும் இடைவெளி இல்லாமல் சேர வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். விரல்களை அலகின் வழியில் வைக்காதீர்கள், பழைய வில் எதிர்பாராத நேரம் இறங்கும்.

கடைசியில் பிடி. எலும்பு என்றால் பூதக்கண்ணாடியில் கருமையான நுண்துளைகள் தெரியும். மாட்டுக் கொம்பு நார்நாராக, அடுக்கு அடுக்காக இருக்கும். மரைக்கொம்பு வெளியே கரடாக, உள்ளே பஞ்சுபோல. சிப்பி கன்னத்தில் வைத்தால் குளிரும். செலுலோயிட் என்றால் விரலால் அழுத்தித் தேய்த்தபின் கற்பூர வாசம் வரும். சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்லும் ஆலோசனையைக் கேட்காதீர்கள், செலுலோயிட் தீப்பற்றிக்கொள்ளும்.

தந்தத்தின் வெட்டுமுகத்தில் குறுக்கு மறுக்காகக் கோடுகள் தெரியும். தந்தம், கடலாமை ஓடு இரண்டையும் விட்டுவிடுவது என் முடிவு. 1937ஆம் ஆண்டின் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. வாங்குவதும் விற்பதும் வீண் வில்லங்கம். மரைக்கொம்பு என்றாலும் பழைய கத்தியோடு வந்தது தவிர, புதிதாகக் கொம்பு வாங்கிப் பிடி போடும் யோசனை வேண்டாம். சந்தேகம் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்தில் கேட்டுவிடலாம்.

எது அரிது

விலை உயர்ந்தது, பழையது, அரியது இந்த மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் காசு கரைகிறது. நூறு வயதான ரோட்ஜர்ஸ் இரட்டை அலகுப் பேனாக்கத்தி பழையது, ஆனால் அரியது இல்லை. ஆயிரக்கணக்கில் செய்தார்கள், ஊரெல்லாம் இருந்தது.

நான் அரியதாக எண்ணுவது முதலில், பாகம் குறையாத வேட்டைக் கத்தி. தக்கை திருகி உடைந்திருக்கும், சாமணம் தொலைந்திருக்கும், பல்குத்தி எப்போதும் இருக்காது. எல்லாம் இருந்தால் அபூர்வம். அடுத்து, அலகின் மேல் அமிலத்தால் மெல்லியதாக எழுதிய வாசகம் இன்னும் தெரியும் கத்தி. அந்த எழுத்து டாங்கில் அடித்த முத்திரை மாதிரி ஆழமானது இல்லை, பத்துத் தடவை தேய்த்தால் போய்விடும். அது மிஞ்சியிருந்தால் அந்தக் கத்தி வேலையே செய்யவில்லை என்று அர்த்தம்.

பிறகு ஒட்டுக் கத்திகள். வேலைக்காரக் கத்தி என்பதால் இதை யாரும் பத்திரப்படுத்தவில்லை. தேய்ந்ததும் எறிந்தார்கள். எலும்பு நாக்கு உடையாமல், அலகு முழுதாக உள்ள ஒட்டுக் கத்தியைப் பார்ப்பது முத்துச்சிப்பிப் பிடிக் கத்தியைப் பார்ப்பதைவிடக் கடினம். ஆனாலும் கடைக்காரர் சிப்பிக்குத்தான் கூட விலை சொல்வார். இந்த வித்தியாசம் உங்களுக்கு இலாபம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கொழும்புப் பெயர் பொறித்தது. ஷெஃபீல்ட் பட்டறைகள் தங்கள் பெயருக்குப் பதிலாகவோ அதோடு சேர்த்தோ, இறக்குமதி செய்யும் கடையின் பெயரை அடித்துக் கொடுப்பது வழக்கம். டாங்கில் ஊர்ப்பெயராகக் கொழும்போ சிலோனோ இருந்தால், அலகு பாதி தேய்ந்திருந்தாலும் எடுத்துவிடுங்கள். உலகத்தில் வேறு எந்தச் சேகரிப்பாளருக்கும் அது கிடைக்கும் வாய்ப்பு நமக்கு உள்ளதைவிடக் குறைவு. பிடியில் ஒட்டிய சின்ன வெள்ளித் தகட்டில் தோட்டத்தின் பெயரோ ஒருவரின் முதலெழுத்தோ வெட்டியிருந்தால் அதுவும் அப்படியே.

வெள்ளி அலகுப் பழக்கத்திகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பழத்தின் புளிப்பு எஃகைக் கறுப்பாக்கும் என்பதால் வெள்ளியில் செய்தார்கள். நடக்கும் சிங்கம் அது தரமான வெள்ளி என்பதற்கு. கிரீடம் ஷெஃபீல்ட் சோதனைச்சாலைக்கு, நங்கூரம் பேர்மிங்ஹாமுக்கு. ஒரு தனி எழுத்து ஆண்டுக்கு. அரசரின் தலை இருந்தால் பெரும்பாலும் 1890க்குப் பிந்தியதல்ல. இப்படி ஆண்டே சொல்லிவிடும் கத்தி வேறு இல்லை. செட்டியார் தெருவில் உருக்குவதற்காக நிறுத்து வாங்கிய பழைய வெள்ளிக்குள் இவை போவதுண்டு. தெரிந்த கடை இருந்தால் சொல்லி வையுங்கள்.

ஒட்டுவேலையும் போலியும்

முழுப் போலியைவிட ஒட்டுவேலைதான் இங்கே அதிகம். இரண்டு உடைந்த கத்திகளில் இருந்து ஒன்று செய்வார்கள். எந்தப் பாகமும் பொய் இல்லை, சேர்ந்ததுதான் பொய். கண்டுபிடிக்க ஒரே வழி, தேய்மானம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. பிடி வழுவழுவென்று தேய்ந்து, அலகு மட்டும் கூர்மையான விளிம்போடு இருந்தால் கேள்வி கேளுங்கள். இரண்டு அலகுகளில் ஒன்றில் ரோட்ஜர்ஸ், மற்றதில் வேறு பெயர் இருந்தால் கேள்வியே வேண்டாம்.

பூணைப் பாருங்கள். நல்ல ஷெஃபீல்ட் வேலையில் அச்சாணியின் தலை பூணோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. வட்டமாகத் தெரிந்தால் ஆணி தளர்ந்திருக்கிறது, அல்லது யாரோ கழற்றி அடித்திருக்கிறார்கள். புது ஆணி அடித்தவரின் சுத்தியல் தவறிப் பட்ட தடம் எலும்பில் இருக்கும்.

ரோட்ஜர்ஸ் பெயருக்கு இருந்த மவுசினால் அந்தக் காலத்திலேயே அதைப் போன்ற பெயர்களில் கத்தி விற்றார்கள். ஒரு எழுத்து குறைந்த ரோஜர்ஸ், வேறு முதலெழுத்து என்று. வில்லியம் ரோட்ஜர்ஸ் என்பது மட்டும் போலி இல்லை, 'ஐ கட் மை வே' என்ற வாசகத்தோடு வரும் வேறொரு ஷெஃபீல்ட் முத்திரை. ஜோசப் என்றால் நட்சத்திரமும் சிலுவையும் இருக்கிறதா என்று பாருங்கள். செயற்கையாகப் பழையதாக்கிய கத்தியில் கறுப்பு எல்லா இடத்திலும் ஒரே அளவாக இருக்கும். உண்மையான வயது மடிப்பிலும் மூலையிலும் கூடவும், விரல் படும் இடத்தில் குறையவும் படியும்.

விலை

விலைப்பட்டியல் தரப்போவதில்லை. வெளிநாட்டு ஏல விலையை ரூபாயாக மாற்றி இங்கே பேசுவதும் வேண்டாம், கடைக்காரரும் அதைத்தான் செய்வார்.

"நாநா, இந்தக் கத்தி எவ்வளவுக்குத் தருவீங்க?"

"எடுங்க தம்பி, அந்தக் காலத்து லண்டன் சாமான். இப்ப இதெல்லாம் எங்க வருது?"

இந்த இடத்தில் ஷெஃபீல்ட் எங்கே இருக்கிறது என்று பாடம் நடத்தத் தொடங்கினால் விலை ஏறும். நீங்கள் தெரிந்தவர் என்று காட்டிக்கொள்வதால் ஒரு சதமும் மிச்சமாகாது. குறையை மட்டும், அதுவும் மரியாதையாகச் சொல்லுங்கள்: வில் தளர்ந்திருக்கிறது, முனை இல்லை. டின்னோடு எடுத்தால் என்ன விலை என்று கேட்பது பல நேரம் வேலை செய்யும். மற்றத் திறப்புகளும் பொத்தான்களும் வீட்டில் கிடந்துவிட்டுப் போகட்டும். ஒத்துவரவில்லை என்றால் தேநீர் குடித்துவிட்டு வந்துவிடுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்மா நேரத்தில் போய் நிற்காதீர்கள், போயா தினத்தில் புறக்கோட்டைக்குப் போய்ப் பயனில்லை.

வாங்கும்போதே இது எங்கிருந்து வந்தது என்று கேட்டு, அன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதுங்கள். ஹட்டன் பக்கத்துப் பங்களாவா, கொட்டாஞ்சேனை வீடா? டாங்கின் படத்தையும் எடுத்து வையுங்கள். கத்தியோடு கதை இல்லாவிட்டால் பிறகு யாராலும் அதைச் சேர்க்க முடியாது.

சுத்தம் செய்வதும் வைத்திருப்பதும்

குறைவாகச் செய்தால் நல்லது. சாணை பிடிக்கும் இடத்தில் கொடுத்து பஃப் அடித்து வாங்கினால் கண்ணாடி மாதிரி மின்னும், முத்திரையும் அமிலமெழுத்தும் போய்விடும், பெறுமதியும் போய்விடும். சாம்பல்நிறக் கறை பழைய எஃகின் தோல், அதை விட்டுவிடுங்கள். சிவந்த கறளைத்தான் எடுக்க வேண்டும்.

கத்தியைத் திறந்து, மூட்டுகளில் தையல் மெசின் எண்ணெய் விட்டு ஒரு நாள் வையுங்கள். மரக்குச்சியால் உள்ளே கட்டிய அழுக்கை நெம்பி எடுங்கள். அந்த அழுக்கில் பாதி புகையிலைத் தூளும் சட்டைப்பைப் பஞ்சும்தான். கறள் இருக்கும் இடத்தில் மட்டும் மிக மெல்லிய ஸ்டீல் வூலை எண்ணெயில் தோய்த்து, அழுத்தாமல் தேயுங்கள். தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம்: எலும்பு வெடிக்கும், பக்கத்தகட்டுக்கு அடியில் நீர் தங்கும். தேங்காய் எண்ணெய் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்தான், ஆனால் அது நாளானால் பிசினாகி வில்லைப் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி என்று கடலுக்குப் பக்கத்தில் வீடு இருந்தால் உப்புக் காற்றுதான் பெரிய எதிரி. கடல் பக்க யன்னலுக்கு அருகே அலுமாரி வேண்டாம். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளைப் போட்டு வையுங்கள். அந்தப் பைகளையும் சில மாதத்துக்கு ஒருமுறை காயவைக்கவோ மாற்றவோ வேண்டும். ஈரம் குடித்து முடித்த பை பெட்டிக்குள் சும்மா கிடக்கும். தோலுறை அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தை இழுத்து அலகுக்குக் கொடுக்கும். உறையையும் கத்தியையும் பிரித்து வையுங்கள். செலுலோயிட் பிடியுள்ளதை மற்றவற்றோடு சேர்க்கவே கூடாது. அது சிதையத் தொடங்கினால் வரும் ஆவி பக்கத்தில் உள்ள எல்லா அலகையும் கறளாக்கும். ஒரு கத்தி மட்டும் திடீரென்று கறள் பிடித்தால் அதன் அயலில் எது இருந்தது என்று முதலில் பாருங்கள். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்து, கைரேகையைத் துடைத்து, மெல்லியதாக எண்ணெய் பூசி வைத்தால் போதும்.

கொண்டு செல்வது

வாங்கிய கத்தியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போக வேண்டாம். சோதனைச் சாவடியில் பொலிஸ்காரருக்கு அது ரோட்ஜர்ஸா என்பது முக்கியமில்லை. மூடி, துணி சுற்றி, பெட்டியில் போட்டு, பையின் அடியில் வையுங்கள். பில் இருந்தால் கூடவே வையுங்கள். இல்லாவிட்டால் கடைக்காரரிடம் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி வாங்குங்கள். பொத்தானை அழுத்தினால் தானாகப் பாயும் கத்திகளை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். சேகரிப்பு என்று சொல்லித் தப்புவது கடினம்.

வெளிநாட்டில் இருந்து தபாலில் எடுப்பிப்பதானால் காசு கட்டும் முன்பு சுங்கத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். விமானத்தில் போகும்போது கைப்பையில் வேண்டாம், ஏற்றி அனுப்பும் பெட்டியில்தான். பிஹகெத்தை போன்ற பழம்பொருளை நாட்டைவிட்டுக் கொண்டுபோவதானால் தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் கட்டுநாயக்காவுக்குக் கிளம்ப வேண்டாம். கனடாவில் உள்ள மாமாவுக்குப் பரிசு என்பதெல்லாம் அங்கே செல்லாது.